அளக்கும் கண்



இன்று இலக்கணமும் இல்லை. தேர்வு வழிகாட்டியும் இல்லை. மட்டைப்பந்து பற்றி எழுதப் போகிறேன். ஆம், கிரிக்கெட் என்று நாம் எல்லாரும் சொல்லுகின்ற அதே விளையாட்டுதான். தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் புருவத்தை உயர்த்தலாம். கடைசிவரை வாசித்துவிட்டுப் பிறகு சொல்லுங்கள்.

வாரத்தில் ஐந்து நாள் கேமரன் மலையில் ஒரு தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சிறிய மன்றத்தின் சுழற்பந்து வீச்சாளனாக இருக்கிறேன். எங்கள் மன்றத்தில் ஆசிரியர்கள் நால்வர், மருந்தக உதவியாளர் ஒருவர், காய்கறித் தோட்டக்காரர்கள் இருவர், லாரி ஓட்டுநர் ஒருவர், இன்னும் சிலர் உண்டு. மலைமேல் சமதளம் கிடைப்பது அரிது. ஆகவே பெரும்பாலும் சிம்பாங் பூலாய்ச் சாலை வழியாக ஈப்போவுக்கு இறங்கிச் சென்றுதான் ஆடுவோம். எப்போதாவது யாரேனும் மலையேறி வந்தால், தோட்டத் திடலில் பாய் விரித்து ஆடுவதும் உண்டு.

நான் வீசுவது ஆஃப் ஸ்பின். அதாவது, வலக்கை மட்டையாளருக்கு வெளிப்புறம் விழுந்து உட்புறமாகத் திரும்பும் பந்து. அதனிடையே திரும்பாமல் நேராகச் செல்லும் பந்து ஒன்றையும் ஒளித்து வைத்திருப்பேன். என்னிடம் வேகம் இல்லை. வயது நாற்பதைக் கடந்தபின் முழங்காலும் ஒத்துழைப்பதில்லை. எஞ்சியிருப்பது கண் ஒன்றுதான். எதிரே வந்து நிற்பவர் யார், எதை விரும்புவார், எதற்கு அஞ்சுவார் என்று அளந்து பார்ப்பதே என் ஆட்டத்தில் பாதி.

எதைப் பார்க்கிறேன் என்று சொல்கிறேன். மட்டையாளர் கூடாரத்திலிருந்து நடந்து வரும்போதே பார்வை தொடங்கிவிடும். வானத்தை அண்ணாந்து கண்களைப் பழக்கிக்கொண்டு வருபவர் நெடுநேரம் நிற்க எண்ணுகிறார். விரைந்து வந்து மட்டையைச் சுழற்றிப் பார்ப்பவர் முதல் ஓவரிலேயே ஓட்டம் தேடுவார். பிறகு கைப்பிடி. மேலே பிடித்தால் நேராக ஓங்கி அடிப்பவர். கீழே, மட்டையின் தோளருகே பிடித்தால் கீழ்க்கையின் வலுவால் குறுக்கே இழுத்துக் கால்புறம் அடிப்பவர். இது பொதுவிதி. அடுத்தது பாதம். முன்காலை முன்கூட்டியே ஊன்றிவிடுபவருக்குப் பந்தைச் சற்றே குட்டையாக, வேகமாக வீச வேண்டும். பின்னங்காலிலேயே தேங்கி நிற்பவருக்கு மேலே தூக்கிப் போட வேண்டும். கடைசியாக, அவர் களத்தைப் பார்க்கும் பார்வை. எந்த இடைவெளியில் அந்தக் கண் ஒரு கணம் கூடுதலாக நிற்கிறதோ, அங்கேதான் அவர் அடிக்க விரும்புகிறார்.

திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்னும் தலைப்பு இரண்டு இடங்களில் வருவதை மாணவர்களுக்கு நாம் சொல்லிக் கொடுக்கிறோம். ஒன்று பொருட்பாலில் 71ஆம் அதிகாரம். மற்றொன்று காமத்துப்பாலில் 110ஆம் அதிகாரம். மூன்றாவதாக ஆடுகளத்திலும் ஒரு குறிப்பறிதல் உண்டு என்பது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கற்ற பாடம்.

மலைமேல் இந்தக் கலைக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடும். சுழலும் பந்து காற்றில் வளைவதும், மட்டையாளர் எதிர்பார்த்த இடத்துக்கு முன்பாகவே சட்டெனத் தாழ்வதும் காற்று அந்தப் பந்தின்மீது செலுத்தும் விசையால்தான். காற்று மெலிந்தால் அந்த வளைவும் தாழ்வும் குறையும். போதாக்குறைக்கு, அடித்த பந்து கீழ்நாட்டைவிடத் தொலைவாகப் பறக்கும். பிற்பகலில் மூடுபனி இறங்கிவிட்டாலோ பந்து ஈரமாகிக் கையில் வழுக்கும். ஆக, இங்கே சுழற்பந்து வீச்சாளனுக்கு இயற்கை தரும் உதவி குறைவு. பாய் விரிப்பில் பந்து நன்றாக எழும்பித் திரும்பும் என்பது ஒன்றே ஆறுதல். ஆகவேதான் கண்ணை நம்பினேன். அளவுக்கு மீறி நம்பினேன் என்பதுதான் இன்றைய கதை.

2019ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு ஞாயிறு. ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்களோடு இருபது ஓவர் நட்புமுறை ஆட்டம். கேமரன் மலையின் தேயிலை வரலாறு உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1885இல் வில்லியம் கேமரன் இந்த மலைப்பகுதியை அளந்தார்; அவர் பெயரே நிலைத்தது. 1929இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை வெட்டி, மலைச்சரிவில் செடி நட்டு, கொழுந்து கிள்ளிய கைகளில் பெரும்பாலானவை தமிழர் கைகள். இன்று அந்தச் சரிவுகளில் நிற்பவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். நம் பிள்ளைகள் படித்து, கீழே இறங்கி, ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் வேலை தேடிக்கொண்டார்கள். லயங்களில் இப்போது வேறு மொழிகள் கேட்கின்றன.

அன்று தோட்டத்து அணியின் பதினொருவரில் பெரும்பாலோர் வங்காளதேசத்து இளைஞர்கள். நாங்கள் முதலில் மட்டை பிடித்து 112 ஓட்டங்கள் எடுத்திருந்தோம். அவர்களின் நான்காவது விக்கெட் விழுந்தபோது எண்ணிக்கை 41. ஆட்டம் எங்கள் பக்கம் சாய்ந்துவிட்டது என்ற நினைப்பில் நான் பந்தைக் கையில் வாங்கினேன். என் மாணவர்கள் பத்துப் பேர் திடலோரப் புல்மேட்டில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்கள்.

ஆறாவதாக ஒருவன் வந்தான். இருபத்தைந்து வயது இருக்கலாம். விளையாட்டுக் காலணி இல்லை. முழங்கால்வரை வரும் இரப்பர்க் காலணி. காற்சட்டையின் முனையைக் கயிற்றால் கட்டியிருந்தான். மட்டையை மிகவும் கீழே, கைப்பிடி முடியும் இடத்தில் பிடித்திருந்தான். இடக்கை கைப்பிடியில் சரியாக அழுந்தக்கூட இல்லை. நடுவரிடம் நிலை கேட்டுக் கோடு கிழித்துக்கொள்ளவும் இல்லை.

ஒரே பார்வையில் அளந்துவிட்டேன். பழகாதவன். கீழ்ப்பிடி. கண்ணை மூடிக்கொண்டு கால்புறம் இழுத்து அடிப்பான். கால்புற எல்லைக்கோட்டில் இருவரை நிறுத்தினேன். கவர்ப் பகுதியை முற்றாகக் காலியாக்கினேன். முதல் பந்தைத் தூக்கிப் போட்டு ஆசை காட்டுவது. இரண்டாவதை வேகமாக வீசித் தடுமாற வைப்பது. மூன்றாவதாக நேர்ப்பந்தை வீசி ஸ்டம்பைச் சாய்ப்பது. மூன்று பந்தில் முடிந்துவிடும் கணக்கு.

முதல் பந்து நினைத்தபடியே விழுந்தது. அவன் முன்காலை நீட்டி, பந்து திரும்புவதற்குள் அதன்மேல் குனிந்து, நான் காலியாக விட்டிருந்த கவர்ப் பகுதியில் தரையோடு தள்ளினான். இரண்டு ஓட்டம். தற்செயல் என்று நினைத்தேன். இரண்டாவதை வேகமாக, சற்றுக் குட்டையாக வீசினேன். பின்னங்காலுக்குப் போய், காத்திருந்து, புள்ளிக்குப் பின்னால் வெட்டினான். நான்கு. மூன்றாவது என் நேர்ப்பந்து. ஈப்போவில் எத்தனையோ பேரை ஏமாற்றிய பந்து அது. அவன் மட்டையை உயர்த்தி, பந்தைத் தொடாமல் விட்டுவிட்டான்! அது திரும்பாது என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. விக்கெட் காப்பாளரின் கையில் பந்து போய்ச் சேர்ந்ததும் என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பிலேயே நான் திருந்தியிருக்க வேண்டும். திருந்தவில்லை. கால்புற எல்லையில் நிறுத்திய இருவரையும் அடுத்த இரண்டு ஓவர்களுக்கும் அங்கேயே வைத்திருந்தேன். அணித்தலைவர் இருமுறை வந்து, "சார், கவரில் ஒருத்தர வைக்கலாமா?" என்று கேட்டார். "இல்ல, இப்ப அடிப்பான் பாருங்க" என்று திருப்பி அனுப்பினேன். என் கண் சொன்னதை அவனுடைய மட்டை மறுத்துக்கொண்டே இருந்தது. நான் என் கண்ணைத்தான் நம்பினேன். என்னுடைய நான்கு ஓவர்களில் 38 ஓட்டங்கள் போயின. பதினெட்டாவது ஓவரில் அவர்கள் வென்றார்கள். இறுதிவரை அவன் ஆட்டமிழக்கவில்லை.

ஆட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது அவனருகே போய் உட்கார்ந்தேன். மலாயில் பேசிக்கொண்டோம். அவன் என்னை "சிக்கு" என்று, ஆசிரியரை இந்நாட்டில் அழைக்கும் முறையிலேயே அழைத்தான். ஊர் கோமில்லாப் பக்கமாம். எங்கே இப்படி ஆடக் கற்றாய் என்றேன். "எங்கள் ஊரில் எல்லாரும் சுழல்தான் வீசுவார்கள், சிக்கு. வேறென்ன செய்வது?" என்றான்.

நான் மறந்துபோன செய்தி அது. வங்காளதேச மட்டைப்பந்தே சுழற்பந்தால் வளர்ந்தது. அந்நாட்டுக்காக டெஸ்ட் ஆட்டங்களில் முதன்முதலில் 100 விக்கெட்டைத் தொட்ட முகமது ரஃபீக் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர். 2005 ஜனவரியில் சிட்டகாங்கில் ஜிம்பாப்வேயை வீழ்த்தி அந்நாடு பெற்ற முதல் டெஸ்ட் வெற்றியில், இரண்டாம் ஆட்டப்பகுதியில் ஆறு விக்கெட் எடுத்த எனாமுல் ஹக்கும் இடக்கைச் சுழலர். அப்படிப்பட்ட மண்ணில் சிறுவயது முதல் ஆடியவனுக்கு என் பந்து என்ன புதுமை?

அவன் இன்னொன்றும் சொன்னான். 1997இல் கோலாலம்பூரில் ஐசிசி கோப்பை நடந்தபோது அவனுடைய சிற்றப்பா அங்கே கட்டட வேலை செய்துகொண்டிருந்தாராம். கிலாட் மன்றத் திடலில் நடந்த இறுதியாட்டத்தை நேரில் பார்த்தவராம். மழையால் இரண்டு நாள் நீண்ட அந்த ஆட்டத்தில் வங்காளதேசம் கடைசிப் பந்தில் கென்யாவை வென்றது. 1999 உலகக் கோப்பைக்குப் போனதும், 2000இல் டெஸ்ட் தகுதி பெற்றதும் அதற்குப் பிறகுதான். "எங்கள் கிரிக்கெட் உங்கள் நாட்டில்தான் பிறந்தது என்று சிற்றப்பா சொல்வார்" என்றான். நம் நாட்டில் நடந்ததுதான். நம்மில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

பிறகுதான் மனத்தை உறுத்திய கேள்வியைக் கேட்டேன். "தம்பி, மட்டையை ஏன் அவ்வளவு கீழே பிடிக்கிறாய்?"

அவன் இடக்கையை நீட்டிக் காட்டினான். மணிக்கட்டு வீங்கியிருந்தது. பெருவிரலின் அடியில் தடித்த காய்ப்பு. கொழுந்து வெட்டும் கத்தரியை நாள்முழுதும் இயக்கும் கை. தட்டு பொருத்திய அந்தக் கத்தரியால் வெட்டி, முதுகுக் கூடையில் கொட்டி, மறுபடி வெட்ட வேண்டும். வாரக் கடைசியில் இடக்கையால் மட்டையின் பாரத்தைத் தாங்க முடியவில்லை. கீழே பிடித்தால் மட்டை இலேசாகிறது. அவ்வளவுதான். இரப்பர்க் காலணிக்குக் காரணம், அன்று காலையும் அரைநாள் வேலை இருந்தது. நேரே சரிவிலிருந்து திடலுக்கு வந்துவிட்டான்.

அந்தப் பிடி அவனுடைய வேலையைச் சொன்னது. நான் அதை அவனுடைய ஆட்டமாக வாசித்துவிட்டேன்.

இதில் எனக்கு வெட்கம் தந்தது தோல்வி அல்ல. என் பாட்டி கொழுந்து கிள்ளியவர். அவருடைய விரல் நுனிகளில் ஏறிய கறுப்புக் கறை, வேலையை விட்டுப் பல ஆண்டுகள் ஆகியும் போகவில்லை. சோறு பிசையும்போது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நிறுத்துவார். அந்த வீட்டில் வளர்ந்த எனக்கு, ஒரு கொழுந்துக்காரனின் கையை அடையாளம் காண முடியவில்லை.

தாத்தா பெரட்டுக் களத்தைப் பற்றிச் சொன்னது அன்றிரவு நினைவுக்கு வந்தது. கங்காணியோடு 1930களில் கப்பலேறி வந்தவர் அவர். (உடலுழைப்புத் தொழிலாளர்களை இப்படி உதவி கொடுத்து அனுப்பும் முறையை இந்திய அரசு 1938இல் தடை செய்தது.) விடியுமுன் எல்லாரும் வரிசையாக நிற்க வேண்டும். கிராணி பெயர் வாசிப்பார். துரை ஒரு பார்வை பார்ப்பார். தோள் அகன்றவன் காட்டு வேலைக்கு; மெலிந்தவன் புல்வெட்டுக்கு; பெண்கள் கொழுந்துக்கு. "எனக்குக் கணக்கு வரும்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? யாரும் கேக்கலையே" என்பார் தாத்தா. ஊரில் மூன்றாம் வகுப்புவரை படித்தவர். மனக்கணக்கில் யாரும் அவரை மிஞ்ச முடியாது. ஆனால் முதல் நாள் பெரட்டில் காட்டுக்கு அனுப்பப்பட்டவர், கடைசிவரை காட்டிலேயே இருந்தார்.

அந்தத் துரையின் பார்வைக்கும், அன்று ஞாயிறு நான் பார்த்த பார்வைக்கும் என்ன வேறுபாடு? காலணியைப் பார்த்தேன், கையைப் பார்த்தேன், "இவன் இதற்குத்தான்" என்று முடிவு கட்டினேன். என் தாத்தாவை அளந்த அதே கோலால், தாத்தாவின் இடத்தில் இன்று நிற்பவனை அளந்துவிட்டேன்.

மட்டைப்பந்து உலகிலும் இப்படி ஒரு கண் தவறியதுண்டு. முத்தையா முரளிதரனை அறியாதவர் இல்லை. அவருடைய தாத்தா 1920இல் தமிழகத்திலிருந்து இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவர். என் தாத்தா ஏறியது போன்றதொரு கப்பல். இறங்கிய கரை வேறு. கண்டிப் புனித அந்தோனியார் கல்லூரியில் வேகப்பந்து வீசிக்கொண்டிருந்த சிறுவனைச் சுழற்பந்துக்கு மாற்றியவர் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. 1995 டிசம்பர் 26 அன்று மெல்பர்ன் திடலில் நடுவர் டேரல் ஹேர், முரளியின் பந்தை எறிபந்து என்று கூறி ஏழு முறை செல்லாது என அறிவித்தார். கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது. ஆனால் முரளியின் முழங்கை பிறவியிலேயே முழுமையாக நீளாதது என்று ஆய்வுக்கூடத்தில் அளந்து கண்டார்கள். பின்னர் மற்றப் பந்துவீச்சாளர்களையும் அளந்தபோது, கண்ணுக்குக் குற்றமற்றதாகத் தெரிந்த பலருடைய கைகளும் ஓரளவு மடங்கி நீள்வது தெரியவந்தது. 2005இல் எல்லாருக்கும் 15 பாகை என்று ஒரே அளவு வகுக்கப்பட்டது. 2010 ஜூலையில் காலியில் தம் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்து முரளி ஓய்வு பெற்றார். அந்த எண்ணிக்கையை வேறு எவரும் இன்றுவரை எட்டவில்லை. முரளியின் வீச்சைப் பற்றி மாற்றுக் கருத்துடையோர் இன்றும் உண்டு. நான் சொல்ல வருவது ஒன்றே. கண் சொன்னதை அளந்து சரிபார்க்க முன்வந்த பிறகுதான் விதியே திருந்தியது.

சரி, அப்படியென்றால் அளந்து பார்ப்பதே தவறா? சுழற்பந்து வீச்சாளன் மட்டையாளரைப் பார்க்காமலே வீச வேண்டுமா? சில மாதங்கள் இந்தக் குழப்பத்தில் இருந்தேன். விடை தந்தவர் இரவிச்சந்திரன் அஸ்வின்.

2020 டிசம்பர். இந்திய அணி ஆஸ்திரேலியாவில் ஆடிக்கொண்டிருந்தது. ஸ்டீவ் ஸ்மித்தை வீழ்த்துவதற்காக அவருடைய ஆட்டப் பதிவுகளைப் பெருந்தொற்றுக் காலத்தில் திரும்பத் திரும்பப் பார்த்ததாக அஸ்வின் சொல்லியிருக்கிறார். அடிலெய்டில், திரும்பாமல் நேராகச் சென்ற பந்தில் ஸ்மித் ஸ்லிப்பில் இரகானேயிடம் பிடி கொடுத்தார். ஓர் ஓட்டம்தான் எடுத்திருந்தார். அடுத்த ஆட்டம் மெல்பர்னில். இப்போது நேர்ப்பந்துக்கு அவர் ஆயத்தமாக இருப்பார் அல்லவா? அஸ்வின் பந்தைத் திருப்பினார். கால்புறத்தில் நெருக்கமாக நிறுத்தப்பட்டிருந்த புஜாரா பிடித்தார். ஓட்டமே இல்லை. ஒரே ஆள், எட்டே நாள் இடைவெளி, இரண்டு வேறு வலைகள். முதல் முறை பலித்த கணக்கையே அவர் கட்டிக்கொண்டு அழவில்லை.

தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்த எனக்கு அப்போதுதான் புரிந்தது. என் தவறு அளந்ததில் இல்லை. ஒரு முறை அளந்ததோடு நின்றதில் இருக்கிறது. சுழற்பந்து வீச்சாளன் வீசும் ஒவ்வொரு பந்தும் ஒரு கேள்வி. மட்டையாளர் தரும் விடையைக் கேட்டு அடுத்த கேள்வியை மாற்ற வேண்டும். களத்தை மாற்ற வேண்டும். முதல் பந்து கவருக்குப் போனதும் நான் ஓர் ஆளைக் கவரில் நிறுத்தியிருந்தால், அன்று நான் நல்ல பந்துவீச்சாளன். நிறுத்தாததால், பெரட்டுக் களத்துத் துரை.

இதற்கிடையே வகுப்பறைக் கதை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அதுதான் என்னை இவ்வளவு நீளமாக எழுத வைத்தது.

ஒவ்வொரு பள்ளி ஆண்டின் முதல் வாரத்திலும் என் குறிப்பேட்டில் மாணவர் பெயர்களை எழுதி, எதிரே ஓரிரு சொற்களில் ஒரு குறிப்பு எழுதுவது என் வழக்கம். 'கூர்மை', 'விளையாட்டுப் புத்தி', 'பொறுமை இல்லை' என்பன போன்றவை. அனுபவமுள்ள ஆசிரியனின் கண் அல்லவா! ஆண்டு முடியும்போது பார்த்தால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதில் எனக்குச் சிறிது பெருமையும் உண்டு.

2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பள்ளி பூட்டப்பட்டது. தோட்டத்துப் பிள்ளைகள் வீட்டில் கணினி ஏது? பெற்றோரின் கைப்பேசியில் புலனம் வழியாகத்தான் பாடம். நான்காம் ஆண்டில் ஒரு சிறுமி. என் குறிப்பேட்டில் அவளுக்கெதிரே எழுதியிருந்தது: 'பேசமாட்டாள். வாசிப்பு மந்தம்.' வகுப்பில் மூன்று மாதங்களில் அவள் குரலை நான் கேட்டது நான்கைந்து முறைதான். எழுத்து வேலையை அனுப்ப இணைய வசதி போதாத பிள்ளைகள், குரல்பதிவாக அனுப்பலாம் என்று சொல்லியிருந்தேன். 'என் வீட்டைச் சுற்றி' என்பது தலைப்பு.

ஒரு மாலையில் அவளுடைய குரல்பதிவு வந்தது. அலைவரிசை கிடைப்பதற்காக லயத்துக்குப் பின்னாலுள்ள மேட்டில் ஏறி நின்று பேசியிருக்கிறாள். காற்றின் இரைச்சல் கேட்டது. ஆறு நிமிடம். தடங்கலே இல்லை. பனி எந்தச் சரிவில் முதலில் இறங்கும், எந்த வரிசைச் செடியைக் கவாத்து செய்திருக்கிறார்கள், வெட்டிய செடியில் எத்தனை வாரத்தில் மறுபடி கொழுந்து வரும், பக்கத்து வீட்டு நேப்பாளத்து அக்கா தீபாவளிக்கு என்ன பலகாரம் செய்தார் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள். முடிவில், "சார், இன்னும் சொல்லவா?" என்று ஒரு கேள்வி.

அந்தப் பதிவை இரண்டு முறை கேட்டேன். பிறகு அவளோடு வகுப்பில் கழித்த மூன்று மாதங்களை எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் அவளுக்கு நான் வீசியது ஒரே பந்து: "எழுந்து நின்று வாசி." அவள் தடுமாறுவாள், என் குறிப்பு சரிதான் என்று நான் உறுதி செய்துகொள்வேன். வேறு விதமாக ஒரு முறைகூடக் கேட்டதில்லை. பெருந்தொற்று வந்து பள்ளியைப் பூட்டியிருக்காவிட்டால் அவள் ஆறாம் ஆண்டு முடித்துப் போகும்வரை 'பேசமாட்டாள்' என்ற சொல்லோடுதான் போயிருப்பாள். தாத்தா காட்டிலேயே நின்றுவிட்டதுபோல.

அவளுடைய வாசிப்பு அதன்பின் ஒரே நாளில் சீராகிவிடவில்லை. அவளே பேசிய பதிவுகளை அவளே எழுதி, அவளே வாசிக்கும்படி செய்தேன். மெதுவாகத்தான் வந்தது. இப்போதும் நான் முதல் வாரத்தில் குறிப்பு எழுதுகிறேன். ஆனால் பென்சிலால் எழுதுகிறேன். ஒவ்வொரு மாதமும் ஒரு பெயரையாவது அழித்து எழுத வேண்டும் என்பது எனக்கு நானே விதித்துக்கொண்ட கட்டளை. அழிக்க எதுவும் இல்லாத மாதத்தில், பிள்ளைகள் மாறவில்லை என்று பொருளன்று. நான் பார்க்கவில்லை என்று பொருள்.

அந்த இளைஞனோடு மறு ஆட்டம் ஒன்று 2020 மார்ச் இறுதியில் நடப்பதாக இருந்தது. கட்டுப்பாட்டு ஆணையால் நின்றுபோயிற்று. அடுத்த ஆண்டு அவன் வேலை ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பிவிட்டான் என்று தோட்டத்து நண்பர்கள் சொன்னார்கள்.

அன்று தேநீர் குடித்து எழுந்தபோது அவனிடம் கடைசியாக ஒன்று கேட்டிருந்தேன். என் நேர்ப்பந்தை எப்படிக் கண்டுபிடித்தாய், கையைப் பார்த்தா என்று. அவன் கூச்சத்தோடு சிரித்தான். "கையை இல்லை, சிக்கு. நேர்ப்பந்து வீசுவதற்கு முன் நீங்கள் ஒவ்வொரு முறையும் கீப்பரைப் பார்க்கிறீர்கள்" என்றான்.

இருபது ஆண்டுகளாக வீசுகிறேன். ஒருவரும் இதைச் சொன்னதில்லை, எனக்கும் தெரியாது. நான் அவனை ஒரு பார்வையில் முடித்துவிட்டு நின்றேன். அவன் மறுமுனையில் நின்று பந்துக்குப் பந்து என்னைப் படித்துக்கொண்டிருந்தான். அன்று திடலில் நல்ல ஆசிரியன் யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

மறு ஆட்டத்துக்கென்று ஒரு திட்டம் வைத்திருந்தேன். கீப்பரை நன்றாகப் பார்ப்பது. பார்த்துவிட்டுத் திரும்பும் பந்தை வீசுவது. அவன் மட்டையை உயர்த்தி விட்டுவிடுவான். பந்து உள்ளே திரும்பி ஸ்டம்பைத் தொடும். பலித்திருக்குமோ, என்னவோ. அவன் அதையும் படித்திருக்கக்கூடும்.

அன்பர்களே, உங்கள் வகுப்பில், உங்கள் வீட்டில், உங்கள் பக்கத்து லயத்தில், முதல் பார்வையில் நீங்கள் அளந்து முடித்துவிட்ட ஒருவர் இருக்கலாம். இந்த வாரம் அவருக்கு வேறொரு பந்து வீசிப் பாருங்கள். என்ன விடை வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

மீண்டும் சந்திப்போம்.